மூடாத இலை

குளுவாங்கின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மதிய வெயில் மேசை மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கோலாலம்பூரே முழுகும் அளவுக்குச் சோற்றில் குழி பறித்து, ரசத்துக்காக நூறு வருடமாகக் காத்திருக்கிறேன். பரிமாறும் நேபாளத்துக்காரர் பகதூர் வந்து, குழியோடு இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறார். "அலமாக்! அங்கிள் இன்னும் எலைய மூடலையே, ஏன்யா எடுத்தே? மூடுனாதான் சாப்ட்டு முடிச்சாங்கன்னு அர்த்தம்லா!" பக்கத்து மேசைச் சீனத்து அம்மா மெய் லிங், என் தமிழிலேயே எனக்காகப் போர் தொடுக்கிறார். பதறிய பகதூர் புது இலையை மாற்றிப் போடுகிறார். மெய் லிங் எழுந்து வந்து அதன் நுனியை என் இடப்பக்கம் திருப்பி வைக்கிறார். மறுபடி சோறு, மறுபடி குழி. "ரசம் ஹாபிஸ், அங்கிள்," என்று பகதூர் காலி வாளியைக் கவிழ்த்துக் காட்டுகிறார். கடைசி ரசம் மெய் லிங்கின் டம்ளரில் ஆவி பறக்கிறது. எனக்காகப் போராடிய களைப்பில், கண்ணை மூடி அதை உறிஞ்சுகிறார்.