ஆறாவது கால்

நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள். வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அதுவும் சட்டைப் பொத்தான் அளவுக்கு.

மூக்குக்கண்ணாடி போட்டு மூன்று நாள்தான் ஆகிறது. நாற்பத்தாறு வயதில் சிலிண்டர் பவர்; நுண்ணோக்கியின் திருகால் சரிசெய்ய முடியாத கோளாறு. கண்ணாடி நுண்ணோக்கியில் முட்டிக்கொண்டு கண்ணை நெருங்க விடவில்லை.

கழற்றிவிட்டுப் பார்த்தாள். திருகைத் திருப்பினாள். கலங்கல். எவ்வளவு திருப்பினாலும் கலங்கல்தான்.

கடல் உயிரியல் மாணவர்களுக்கு இன்னும் பத்து நுண்ணோக்கிகள் வேண்டும். மேசையில் இரண்டு மாடல்கள். இப்போது பார்த்த இது, போன முறை இவளே வகுப்புக்குத் தேர்ந்தெடுத்து வாங்கிய மாடல்.

"தெளிவா தெரியுதா மேடம்?" என்றார் விற்பனைப் பிரதிநிதி. பின்னால் நான்கு ஆசிரியர்கள் நின்றிருந்தார்கள்.

"தெரியுது."

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இது பெனிட்டாவின் பதில்.

பெனிட்டா, இரண்டாம் ஆண்டு. தடித்த கண்ணாடி. ஒவ்வொரு செய்முறை வகுப்பிலும் இவள் "தெரியுதா?" என்று கேட்பாள். அவள் "தெரியுது மேடம்" என்பாள்.

போன வாரம் இதே ஸ்லைடு. முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த இறால் லார்வா. ஆறு கால் இருக்க வேண்டியது, ஒன்று ஒடிந்திருந்தது. எல்லாரும் ஐந்து வரைந்தார்கள். பெனிட்டாவின் ரெக்கார்டில் ஆறு. புத்தகத்தில் இருப்பது போலவே, அழகாக.

வகுப்பே கேட்க இவள் திட்டினாள். 'பார்த்து வரை' என்று சிவப்பு மையில் எழுதினாள். கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து இல்லாமல் திங்கள்கிழமை தேர்வில் உட்கார முடியாது.

போன முறையும் அந்த இன்னொரு மாடல் மேசையில் இருந்தது. கண்ணாடி போட்டவர்களுக்கு அதுதான் வசதி என்று சொல்லத்தான் சொன்னார்கள்.

"கழட்டிட்டுப் பாக்கட்டும்" என்றது இவள்தான். அப்போது இவளுக்குக் கண் நன்றாக இருந்தது.

வெட்கமாக இருந்தது. ஒரு பெண்ணைப் பொய் சொல்ல வைத்து, அதற்குத் தண்டனையும் கொடுத்தாயிற்று.

"இல்ல. எனக்கு எதுவும் தெரியல" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

ஸ்லைடை எடுத்து இன்னொரு மாடலில் வைத்தாள். பெனிட்டாவை வரச்சொன்னாள்.

ரெக்கார்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள் அவள். இன்னொரு தடவை திட்டு விழப்போகிறது என்று முகத்தில் எழுதியிருந்தது.

"பாரும்மா."

குனிவதற்கு முன், பழக்கத்தில் அவள் கை கண்ணாடிக்குப் போனது.

"கழட்டாத."

பெனிட்டா குனிந்தாள். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"அஞ்சுதான் மேடம்" என்றாள்.