பின்சீட்

சங்கு ஊதியதும் நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலில் கூட்டம் வழிந்தது. எல்லோருக்கும் ஒரே ஹெல்மெட், ஒரே கரி அப்பிய முகம். துணி மில்லில் தையல் வேலையை முடித்துவிட்டு மனைவியை அழைத்துப்போக வந்தவன், ஸ்கூட்டரைக் கிளப்பினான். கையாட்டிக்கொண்டே வந்த ஒரு கரிமுகம் பின்சீட்டில் ஏறிக்கொண்டது.

வண்டி தெருமுனை திரும்பியதும் ஆரம்பித்தான்.

"உங்கம்மாகிட்ட இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன். மில்லுல எட்டு மணி நேரம் தைச்சுட்டு வந்துதான் சமைக்கிறேன். நல்லாருக்குன்னு ஒரு நாளாவது வாயைத் திறந்தாங்களா? எப்பப் பாரு, உப்பில்ல, உப்பில்ல!"

ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினான்.

"உனக்குத்தான் அவங்கன்னா நடுக்கம். எனக்கென்ன பயம்? நேருக்கு நேரா கேக்கறேன் பாரு!"

தோளில் ஒரு கை விழுந்தது.

"கேளுங்க மாப்பிள்ளை. வண்டியை மட்டும் ஓரமா நிறுத்திட்டுக் கேளுங்க."

ஸ்கூட்டர் தானாகவே நின்றுவிட்டது.

"அத்தை... நீங்க காலை ஷிப்ட்டாச்சே?"

"அவளும் நானும் இன்னிக்கி மாத்திக்கிட்டோம். சொல்லலையா?" கரிமுகத்தில் பல்வரிசை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. "சரி, வண்டியை எடுங்க. இன்னிக்கி என் சமையல். நல்லாருக்குன்னு நீங்க வாயைத் திறக்கறீங்களான்னு பாப்போம்!"