வெளியூர் ஆள்

திருத்துறைப்பூண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வீரையனுக்குப் பசியில் கண் இருட்டியது. சாலையோரம் அண்டாவிலிருந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த காத்தாயி, முன்பின் தெரியாத அவனைக் கூப்பிட்டு ஒரு குவளையை நீட்டினாள்.

"எந்த ஊருண்ணே?"

"அரியலூர் பக்கம் தங்கச்சி. அங்க மழையும் இல்ல, வேலையும் இல்ல. இங்க அறுப்புக்கு வரச்சொல்லி பண்ணையில ஆள் அனுப்புனாங்க."

"உள்ளூர்ல ஆள் இல்லியாமா?"

"இருக்காங்களாம். கொழுப்பெடுத்துப் போயி வயல்ல இறங்க மாட்டேங்கிறாங்களாம்."

காத்தாயி அவன் குவளையில் இன்னொரு அகப்பை ஊற்றினாள்.

"இதுவும் பண்ணை ஏற்பாடா தங்கச்சி?"

"இல்லண்ணே," என்றாள் அலுப்புடன். "சர்க்கார் சொன்ன கூலியக் கேட்டு வேலைய நிறுத்திட்டோம். வீட்டுல அடுப்பு எரியல. கடைத்தெருவுல அரிசி கேட்டு வாங்கி, அந்தக் கொழுப்பெடுத்தவங்களுக்குக் காய்ச்சின கஞ்சிதான் இது. ஆறுறதுக்குள்ள குடிங்க."