விமானத்தின் பாகமா, இல்லையா?

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்ததால், சுங்கத்துறை அதிகாரி குந்தவை கோபத்தோடுதான் மாடிப்படி ஏறினார்.

கீழே உரக்கடை. மேலே ‘பகலவன் ஏவியேஷன் அகாடமி’. ஏ.சி. ஓடியது. கண்ணாடி மேசைக்குப் பின்னால், தோளில் நாலு தங்கப் பட்டையோடு வெள்ளைச் சட்டை போட்டுப் பகலவன் உட்கார்ந்திருந்தான்.

எதிர் நாற்காலியின் நுனியில் வைரக்கண்ணு. அப்பா பண்ணைக் கூலி. இவர் பதினாறு வருஷம் சிங்கப்பூரில் கம்பி கட்டி, இடுப்பு போய், மூன்று மா நஞ்சை வாங்கியவர். மகள் இசைவாணி பைலட்டுக்குப் படிக்க வேண்டும் என்கிறாள். படிக்க வைத்தால் அந்த மூன்று மாவும் போகும். வாங்குகிற ஆள் தயார். இவர் மனசுதான் தயாரில்லை. கிரயத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்த்துப் பேசிவிட்டுப் போக வந்திருந்தார்.

வந்த நேரத்தில் ரெய்டு.

பகலவன் வெளிநாட்டிலிருந்து பன்னிரண்டு ஹெட்செட் தருவித்திருந்தான். விமானி காதில் மாட்டிக்கொண்டு பேசுகிற ரகம். சுங்கத்தில் அதை ‘விமானத்தின் பாகம்’ என்று காட்டியிருந்தான். விமானத்தின் பாகம் என்றால் வரி குறைவு. வெறும் ஹெட்போன் என்றால் வரி அதிகம். மூன்று மாதம் கழித்துத் தணிக்கையில் மாட்டிக்கொண்டான்.

“ஐயா, நீங்க வேணா நாளைக்கு வாங்களேன்” என்று வைரக்கண்ணுவை மெதுவாக எழுப்பப் பார்த்தான் பகலவன்.

“அவர் இருக்கட்டும். சோதனையில பார்த்ததை எழுதுற மகஜருக்குச் சாட்சி வேணும்” என்றார் குந்தவை.

வைரக்கண்ணு மறுபடி நுனியில் உட்கார்ந்தார். பகலவனுக்கு ஏ.சி.யிலும் வியர்த்தது.

குந்தவை பன்னிரண்டையும் எண்ணினார். ஒயரை ஸ்கேல் வைத்து அளந்தார். ஒன்றைத் தராசில் நிறுத்தார். தலையணை கனத்துக்கு ஒரு சுங்க வரிப் புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டார். கண்ணாடி அதிர்ந்தது.

“இது இல்லாம பைலட் பிளேனைக் கிளப்ப முடியாதுங்க மேடம். அப்ப இது பிளேனோட பாகம்தானே?” என்றான் பகலவன்.

“பேன்ட் போடாமகூடத்தான் பைலட் பிளேனைக் கிளப்ப மாட்டான். பேன்ட்டும் பாகமா?”

பகலவன் விடவில்லை. இந்த ஒயரின் முனை விமானத்தில் மட்டும்தான் பொருந்தும், டி.வி.யில் சொருக முடியாது என்றான். முனை எங்கே பொருந்தினால் என்ன, மாட்டுவது மனுஷன் தலையில்தானே என்றார் அவர். தலையில் மாட்டினாலும் வேலை விமானத்துக்குத்தான் என்றான் இவன். டீ வந்தது. ஆறியது. இன்னொரு டீ வந்தது. புத்தகத்தில் பிரிவு, உட்பிரிவு, உட்பிரிவுக்குக் குறிப்பு, குறிப்புக்கு விதிவிலக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. மூன்று மணி நேரம் ஆயிற்று.

வைரக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை.

“அம்மா, நான் ஒண்ணு சொல்லலாங்களா? எங்க ஊர்ல அறுப்பு மிஷின் ஓட்டுறவன் காதுல பஞ்சு அடைச்சுக்கிட்டுதான் ஏறுவான். இல்லேன்னா ரெண்டு சீசன்ல செவிடாயிடுவான். சாயங்காலம் மிஷின் வயல்ல நிக்கும். பஞ்சு அவனோட வீட்டுக்குப் போயிடும்.”

குந்தவை பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இதைத்தாங்க ஐயா நான் காலையிலேர்ந்து சொல்றேன். தோள்ல பட்டை போட்டவருக்குப் புரியல.”

பகலவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அப்போதுதான் வைரக்கண்ணுவின் முகத்தைக் கவனித்தான். அந்த முகத்தில் காலையில் இருந்த சந்தேகம் இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டு, சட்டென்று இறங்கி வந்தான்.

“தப்பு என் பேர்லதாங்க மேடம். கூடுதல் வரி, அபராதம் எதுவானாலும் கட்டிடறேன். மகஜர்ல மட்டும் ஒண்ணு விடாம விவரமா எழுதிடுங்க.”

இப்படி ஒரு யோக்கியமான குற்றவாளியைக் குந்தவை தன் சர்வீஸில் பார்த்ததில்லை. சாட்சி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் தமிழிலேயே எழுதினார்:

‘மேற்படி அகாடமியில் விமானிகளுக்குப் பறக்கும் பயிற்சி அளிக்கையில் அவர்கள் தலையில் அணியும் பொருட்டுத் தருவிக்கப்பட்ட ஹெட்செட் பன்னிரண்டு. இவை விமானியைச் சார்ந்தவையே தவிர, விமானத்தின் பாகம் அல்ல.’

கீழே சிங்க முத்திரை. முதல் சாட்சி வைரக்கண்ணு. இரண்டாம் சாட்சிக்கு உரக்கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். யூரியா கையைத் துடைத்துவிட்டு வந்து போட்டார். பகலவனிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, ஜெயித்த திருப்தியோடு குந்தவை ஜீப் ஏறினார்.

ஜீப் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு வைரக்கண்ணு கேட்டார்.

“தம்பி, அதுல எனக்கொரு ஜெராக்ஸ் குடுங்க. வீட்டுல என் சம்சாரம் தங்கம்மா ஒத்துக்கவே மாட்டேங்குறா. சர்க்காரே வந்து மூணு மணி நேரம் உக்காந்து எழுதிட்டுப் போயிருக்குன்னு காட்டணும். வெள்ளிக்கிழமை கிரயத்தை முடிச்சுட்டு வந்துடறேன்.”

மறுநாள் பகலவன் முதல் ஆளாகப் போய் அபராதத்தைக் கட்டினான். மகஜரைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, நாற்காலிக்குப் பின்னால் மாட்டினான். அதன் ஜெராக்ஸ் திருவாரூர் போயிற்று, திருப்பனந்தாள் போயிற்று. அறுவடை முடிவதற்குள் இன்னும் இருபத்தாறு அப்பாக்கள் நிலத்தை விற்றுவிட்டுப் படியேறினார்கள்.

ஹெட்செட் விமானத்தின் பாகமா இல்லையா என்று அத்தனை நேரம் அடித்துக்கொண்ட அந்த மாடியில், விமானம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காட்டுவதற்குப் பகலவனிடம் விமானம் என்று ஒன்று இருந்ததே இல்லை.