தப்கீர் கல்லியில் வாங்கிய ரேம்

"வேகத்தைக் குறைச்சிடுங்க வஹினி. அப்புறம் எந்த ரேம் போட்டாலும் ஓடும்" என்றார் தப்கீர் கல்லி என்ற சந்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த காலே. இந்திதான் பேசினார். வஹினி மட்டும் மராத்தி. வாசலேறும் பெண்கள் எல்லோருமே அவருக்கு அண்ணிதான்.

சுப்ரஜா மாட்டேன் என்று தலையசைத்தாள்.

கண்ணாடி மேஜைமேல் அவளுடைய கம்ப்யூட்டர் பெட்டி, பக்கத் தகடு கழற்றப்பட்டுக் கிடந்தது. கோகுல்நாத் அதை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தான். தன் ரெயின்கோட்டைப் பெட்டிக்குப் போர்த்திவிட்டுத் தான் நனைந்திருந்தான்.

காலே அவளிடம் இரண்டாம் முறை சொல்லவில்லை. கோகுல்நாத்தைப் பார்த்தார். வீட்டுக்காரர் சொன்னால் கேட்டுக்கொள்வாள் என்பதுபோல.

அவனும் சொன்னான். "அவர் சொல்றது சரிதானே? கம்பெனிக்காரன் தெரியாமலா ஒரு வேகம் வச்சிருக்கான்? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்."

அந்த வார்த்தை அவளுக்குப் புதிதில்லை.

கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே அந்த ப்ராசஸரை ஏற்றி வைத்திருந்தாள் சுப்ரஜா. அதற்கு ஈடுகொடுக்காத ரேம் போட்டால் வேலைக்கு நடுவில் திரை உறைந்துவிடும். இருந்த 256 எம்பி ரேம் போதவில்லை.

2004இல் புனேயில் திரும்பிய பக்கமெல்லாம் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத ஃப்ளாட்டுகளை அவள் பில்டர்களுக்குப் படமாக்கிக் கொடுத்தாள். வாசலில் நுழைந்து, ஹாலைத் தாண்டி, பால்கனியில் போய் வெயிலில் நிற்பதுபோல ஒரு சின்னப் படம். அதைச் செய்துமுடிக்க மெஷின் விடிய விடிய ஓட வேண்டும்.

கோகுல்நாத்துக்கு அந்த ஃபேன் சத்தம் பிடிக்காது. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தவன்தான், ஆனாலும் அவள் செய்ததை விளையாட்டு என்றுதான் நண்பர்களிடம் சொல்வான். அவள் கோயம்புத்தூருக்குப் போயிருந்தபோது அவனே மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் வேகத்தை இறக்கிவைத்தான். மெஷினின் நல்லதுக்குத்தான் என்றான். அவள் சண்டை போடவில்லை. மறுபடி ஏற்றிக்கொண்டாள்.

காலே இரண்டு ரேம்களை எடுத்துவைத்தார். இரண்டுமே 512. ஒன்று வெறும் பச்சைப் பலகை. இன்னொன்றுக்கு இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு போர்த்தியிருந்தது.

"பச்சையே போதும். இதுதான் நல்லா விக்குது."

"போட்டுப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

கையிலிருக்கும் நிலைமின்சாரம் இறங்கப் பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, பழையதை உருவிப் பச்சை ரேமைச் செருகினாள். கைப்பையிலிருந்து ரேமைச் சோதிக்கும் ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டாள். கடை மானிட்டரின் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. பாதி தாண்டுவதற்குள் சிவப்பு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தன. அத்தனையும் பிழைகள்.

அதை உருவி வைத்தாள்.

தகடு போர்த்தியதைச் செருகி ஸ்விட்சை அழுத்தினாள். ஃபேன் சுற்றியது. திரையில் எதுவுமே வரவில்லை.

"சொன்னேன்ல" என்றான் கோகுல்நாத்.

"கொஞ்சம் இருங்க."

பழைய ரேமையே திரும்பப் போட்டாள். பயாஸுக்குள் போய், ரேமுக்குப் போகும் வோல்டேஜை ஒரு படி ஏற்றினாள். காலே மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார்.

"எரிஞ்சுபோனா நான் திருப்பி எடுத்துக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"எரிஞ்சா என்னோடது."

மறுபடி அணைத்தாள். தகடு போர்த்திய ரேமை இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்தினாள். கிளிக் என்று பூட்டிக்கொண்டது. ஸ்விட்சைத் தட்டினாள்.

சின்னதாக ஒரு பீப்.

திரை வெளிச்சமானது. அவள் வைத்த அதே வேகம் மேல் மூலையில் தெரிந்தது. எண்கள் ஓடின. யாரோ பிரிண்டர் மை கேட்டு வந்துபோனார். காலே டீ வரவழைத்தார். கோகுல்நாத் குடித்து முடித்தான். அவளுடைய டீ ஆடை கட்டிவிட்டது. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சோதனை கடைசிவரை போய் நின்றது. ஒரு சிவப்பு வரிகூட இல்லை.

"இதையே எடுத்துக்கறேன்" என்றாள்.

கோகுல்நாத் பர்ஸுக்காகப் பாக்கெட்டில் கைவிட்டான். அதற்குள் அவள் காலேயிடம் பணத்தைக் கொடுத்திருந்தாள்.

வெளியே மழை தூறலாகியிருந்தது. அவன் பெட்டியைத் தூக்கிவந்து ஆட்டோவின் சீட்டில் வைத்தான். சாயாமல் இருக்க ரெயின்கோட்டைச் சுருட்டி அண்டை கொடுத்தான். டிரைவரிடம், வீடு இருக்கும் பகுதியைச் சொன்னான்: "விஷ்ராந்த்வாடி."

"இல்ல, ஆகுர்டி" என்றாள் சுப்ரஜா.

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கோகுல்நாத்தின் கை இன்னும் பெட்டிமேல்தான் இருந்தது.

"அங்க வீடு மாடியிலயா? நீ எப்படித் தூக்குவே? நான் பின்னாலயே வரேன்."

"வேண்டாம் கோகுல். நானே தூக்கிப்பேன்."

அவன் கையை எடுத்தான்.

அன்று காலை கோர்ட்டில் விவாகரத்தோடு முடிந்துபோன அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில், அவள் ஒரு நாள்கூட அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.