போகாத சாயம்

“முதல்ல கையைப் பாக்கெட்டுக்குள்ள வைங்க. அந்த விரலைப் பார்த்தாலே மனுஷனுக்கு மறுபடியும் பயம் வந்துடும்” என்றார் ஓட்டல் மேனேஜர்.

பிளம்பர் இரண்டு கைகளையும் சட்டென்று பேன்ட் பாக்கெட்டுக்குள் நுழைத்துக்கொண்டார். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரல் நுனியில் ஏறிய சாயம் போவேனா என்றிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தா போய்க்கொண்டே இருந்தது. கையில் பழக்கூடையோடு மேனேஜர் முன்னால் நடந்தார். வண்டியில் ஏறும்போது திட்ட ஆரம்பித்தவர், இன்னும் முடித்தபாடில்லை.

“ஃப்ளஷ் டேங்க்குல சாயம் போட்டா, கூடவே நின்னு பார்த்துட்டு, எல்லாத்தையும் கழுவிவிட்டுட்டுத்தான் வெளியே வரணும்னு எனக்கே பாடம் எடுத்தீங்களே? அப்புறம் எப்படிய்யா விட்டீங்க?”

“கீழ்த்தளத்துல குழாய் உடைஞ்சுபோச்சுன்னு கூப்பிட்டாங்க சார். அப்படியே போட்டுட்டு ஓடினேன். அந்த ரூம் சுத்தமா மறந்துபோச்சு.”

“நீங்க மறந்துட்டீங்க. அந்த ரூம்ல தங்கியிருக்கிறவர் டிபன் சாப்பிட்டுட்டு வந்து பார்த்திருக்கார். பாவம், வயசானவர். உடம்புக்குள்ள என்னவோ ஆயிடுச்சுன்னு மகளைக் கூட்டிக்கிட்டு நேரா இங்க வந்துட்டார். டாய்லெட் தண்ணி கலர் மாறியிருக்குன்னு மட்டும் ரிசப்ஷன்ல சொல்லிட்டுப் போயிருக்காங்க. நல்லவேளை, எனக்கு உங்க சாயம் ஞாபகம் வந்துச்சு. உடனே அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.”

பிளம்பர் பின்னாலேயே நடந்தார்.

லாரித் தண்ணீரை நம்பித்தான் அந்த ஓட்டலே ஓடிக்கொண்டிருந்தது. கழிப்பறை டேங்க்குகளோ அந்தக் காலத்து அண்டாக்கள். ஒரு தடவை அழுத்தினால் ஒரு வீட்டுச் சமையலுக்கு ஆகிற தண்ணீர் மடமடவென்று போய்விடும். எல்லாவற்றையும் இடித்துப் புதிதாக வைக்க முதலாளிக்கு மனம் வரவில்லை. “இடிக்கவே வேண்டாம் சார். பீங்கான் அப்படியே இருக்கட்டும். டேங்க்குக்குள்ள இருக்கற சாமானை மட்டும் மாத்திடலாம். சின்னதுக்கு ஒரு பட்டன், பெரிசுக்கு ஒரு பட்டன்” என்று யோசனை சொன்னவர் பிளம்பர்தான்.

அதற்கு முன்னால் எந்த டேங்க் சத்தமே இல்லாமல் கசிகிறது என்று பார்க்க வேண்டும். டேங்க்கில் சாயத்தைக் கரைத்துவிட்டுக் காத்திருப்பார். யாரும் அழுத்தாமலே கீழே பீங்கானில் சாயம் இறங்கியிருந்தால் திருடன் அகப்பட்டுக்கொண்டான் என்று அர்த்தம்.

பிளம்பர் குடியிருந்த தெருவில் குழாயில் தண்ணீர் வந்தால் அது செய்தி. ஒரு குடத்துக்காக மனைவி ஊரோடு மல்லுக்கட்டிவிட்டு வருவாள். வேலைக்கு வந்தால் இங்கே அறை அறையாகத் தண்ணீர் வீணாகிக்கொண்டிருக்கும். பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரியும். அதனால்தான் முதலாளியை விடாமல் நச்சரித்துச் சம்மதம் வாங்கினார். முதலாளியும் லேசுப்பட்டவர் இல்லை. தங்க வந்தவர்களிடமிருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் வேலையும் நிற்கும், பிளம்பரும் வெளியே என்று சொல்லிவிட்டார்.

“கெஞ்சியாவது சமாதானம் பண்ணிடுங்க. அவர் முதலாளி காதுல ஒரு வார்த்தை போட்டாப் போதும், உங்களோட சேர்ந்து நானும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்” என்றார் மேனேஜர்.

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள். இருவர் முகத்திலும் கோபத்தைக் காணோம்.

“வாங்க, வாங்க! இவர்தானா அந்த விஞ்ஞானி?” என்று சிரித்தார் பெரியவர்.

“ஐயா, தப்பு முழுக்க என்னோடதுதான். மன்னிச்சிடுங்க” என்றார் பிளம்பர். கும்பிடலாமென்றால் கைகள் பாக்கெட்டுக்குள் இருந்தன.

“அட, விடுங்க தம்பி! போன உசிரு திரும்பி வந்த சந்தோஷத்துல இருக்கேன். இப்பப் போய்க் கோபப்படுவேனா?”

“ஆட்டோவுல வர்றப்போ அப்பா அழுதுட்டாருங்க. உனக்கு ஒரு வழி பண்ணாமப் போயிடுவேனோன்னு புலம்பல் வேற” என்றாள் மகள். சொல்லும்போதே அவளுக்கும் கண் கலங்கியது. “சாயங்கால ரயில் டிக்கெட்டைக்கூட ரத்து பண்ண இருந்தோம். உங்க மேனேஜர் போன் பண்ணினதும் டாக்டரைப் பார்க்க வாங்கின டோக்கனை, அதோ வரிசையில நிக்கற அந்த அம்மாகிட்ட கொடுத்துட்டேன். இனிமே எங்களுக்கு எதுக்கு டாக்டர்?”

“முதலாளிகிட்ட மட்டும்...” மேனேஜர் மெதுவாக இழுத்தார்.

“மூச்சு விடமாட்டேன். தண்ணியை மிச்சம் பிடிக்கிற வேலை, நல்ல வேலைதானே? நடக்கட்டும்.”

பிளம்பருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. வேலை தப்பித்தது. அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றிவிடலாமா என்றுகூட நினைத்தார்.

பெரியவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “நீங்களே சொல்லுங்க தம்பி, என் இடத்துல யாரா இருந்தாலும் பயப்படத்தானே செய்வாங்க? வலியில்லை, ஒண்ணுமில்லை. ஒண்ணுக்குப் போயிட்டுக் குனிஞ்சு பார்க்கறேன், செக்கச்செவேல்னு ரத்தம் மாதிரி! ஃப்ளஷ்கூடப் பண்ணத் தோணலை. அப்படியே ஓடிவந்துட்டேன்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மகளும் சிரித்தாள். மேனேஜரும் சேர்ந்துகொண்டார்.

பிளம்பர் மட்டும் சிரிக்கவில்லை.

“அம்மா, அந்த டோக்கனைத் திரும்பக் கேட்டு வாங்கிடுங்க” என்றார்.

“ஏன், எதுக்கு?”

அவர் பாக்கெட்டிலிருந்து கைகளை எடுத்து அவள்முன் விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் நீலமாக இருந்தது.