மைனா பார்த்த காவல்

கோழிக்குஞ்சுகளுக்கு மைனாதான் காவல். பூனை தெரிந்தால் கத்த வேண்டும், வேலை அவ்வளவுதான். ஆனால் எல்லார் குரலையும் எடுக்கத் தெரிந்த கலைஞன் வெறுமனே கத்துவானா?

அன்று வாசலில் பூனை தெரிந்ததும், கொல்லைக் கூரையில் இருந்த மைனா அச்சு அசலாக “மியாவ்!” என்றது. கொல்லையில்தான் பூனை என்று பயந்த குஞ்சுகள் நேராக வாசலுக்கு ஓடின. தாய்க்கோழி பாய்ந்து மறித்ததில் குஞ்சுகள் தப்பின. கோழியின் வால்தான் பூனை வாயோடு போயிற்று.

“கத்தச் சொன்னீங்க, கத்தினேனே அக்கா!” என்றது மைனா.

“கத்தினடா பாவி! யார் குரல்ல கத்தின?”

மதிலில் தாவி ஏறிய பூனை இறகைத் துப்பியது. “என்னைவிட நல்லாவே கத்தினப்பா. நாளைக்கும் நீதானே காவல்?”

பாராட்டைக் கேட்டதும் மைனா, பழக்கதோஷத்தில், கோழி பார்க்கப் பார்க்கப் பூனைக்குக் குனிந்து வணக்கம் வைத்துத் தொலைத்தது.